படம் ஏன் இப்படி வந்தது? அக்டோபர், நவம்பர் மாதச் சிங்கப்பூருக்கு ஒரு பிழைநீக்கக் குறிப்பு

இலையுதிர் காலத்தில் இயற்கையையும் இரவு வானத்தையும் படம் பிடிப்பது எப்படி என்று தேடினால், கிடைக்கும் அறிவுரையில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. நீண்ட இரவு, உலர்ந்த குளிர்காற்று, துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் கருவியை நிறுத்து என்று போகும். நமக்கு செப்டம்பரில் புகைமூட்டம் வரலாம். அக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடி இடிக்கும். இரவோ எந்த மாதமானாலும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால் அந்த அறிவுரையை வரி பிசகாமல் பின்பற்றியும் படம் கெட்டால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள், அடுத்து வெளிச்சத்தை. கேமரா கடைசியில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நடக்கிறது. தப்பு செய்தது ஏர்கான்; பெனின்சுலா கேமராக் கடைகள் பக்கம் கொண்டுபோய் மாற்றப்படுவது லென்ஸ்.

வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில், அதாவது வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில், கார்ப்பார்க் மேல்தளத்தில், பக்கத்துப் பூங்காவில் எடுக்கும் படங்களுக்கான குறிப்பு இது. உங்கள் படத்தில் என்ன குறை தெரிகிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

எல்லாமே மங்கல், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டம்

வெளியே வந்ததும் எடுத்த படங்கள் மங்கலாக இருந்து, அரை மணி நேரம் கழித்து எடுத்தவை தெளிவாக இருந்தால் லென்ஸில் நீர் பூத்திருக்கிறது. இங்கே இரவுக் காற்றின் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24, 25 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். படுக்கையறை ஏர்கான் 23இல் ஓடினால் கேமராவும் 23 டிகிரிக்கு வந்துவிடும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் காற்றிலுள்ள ஈரம் கண்ணாடியில் படியாமல் வேறு எங்கே போகும்?

உறுதி செய்துகொள்ள, முன்கண்ணாடியைத் தாழ்வார விளக்குக்கு நேரே கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் படலம் தெரியும். அதைத் துடைக்காதீர்கள். கண்ணாடி குளிர்ந்திருக்கும்வரை மறுபடி மறுபடி பூக்கும். துடைத்ததற்கு மிச்சமாக ஒரு எண்ணெய்க் கோடுதான் நிற்கும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவும் கூடாது. ஈரக்காற்று உள்ளே புகுந்து சென்சார் மீதே படியும்.

வழி எளிது. பையை ஏர்கான் இல்லாத கூடத்திலேயே வைத்துப் பழகுங்கள். முடியாவிட்டால், கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு கேமராவை ஜிப் பைக்குள் போட்டு இறுக மூடி வெளியே வைத்துவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா உள்ளே உலர்ந்தபடியே வெளிச்சூட்டுக்கு வரும். டாக்சியும் எம்ஆர்டியும்கூட ஏர்கான்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

படம் முதலில் நன்றாக வந்து நள்ளிரவுக்குப் பின் மங்கத் தொடங்கினால் அது வேறு கதை. திறந்தவெளியில் வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் சூட்டை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். லென்ஸில் சுற்றும் யுஎஸ்பி சூடாக்கிப் பட்டை ஒன்று வாங்கி பவர் பேங்கில் மாட்டினால் தீர்ந்தது. லென்ஸ் ஹூட் போட்டாலே பாதிப் பிரச்சினை தள்ளிப்போகும்.

வானம் ஆரஞ்சாக, இல்லாவிட்டால் வெள்ளையாக

எக்ஸ்போஷரை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, நீட்டினால் நட்சத்திரம் கூடும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. 2016இல் வெளியான உலக இரவு வான ஒளிர்வு வரைபடம், உலகிலேயே ஒளி மாசு மிகுந்த நாடு சிங்கப்பூர் என்றது. நம் கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சத்தின் கீழ்தான் ஊர் மொத்தமும் வாழ்கிறது. 20 விநாடி திறந்து வைத்தால் நட்சத்திரம் சேர்வதைவிட வேகமாக ஊர் வெளிச்சம் சேர்ந்துவிடும்.

ஒரு நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதில் பல குட்டி எக்ஸ்போஷர்கள் எடுங்கள். எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 800 (ஒளி உணர்திறன்), 5 விநாடி என்று தொடங்குங்கள். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிற்க வேண்டும். நடுவைத் தாண்டினால் நேரத்தைக் குறையுங்கள். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) ஐம்பது, அறுபது படங்கள் எடுத்து சீக்குவேட்டர் அல்லது சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படங்களுக்கிடையே மாறிக்கொண்டே இருக்கும் இரைச்சல் (பொரிபொரியான புள்ளிகள்) கரைந்து, மாறாமல் இருக்கும் நட்சத்திரம் மேலே வரும். ஓரத்தில் ஏறி நிற்கும் வெளிச்சச் சரிவை கிராக்ஸ்பர்ட் என்ற மென்பொருள் நீக்கித் தரும். இரண்டு மூன்று மென்பொருளைக் கற்க வேண்டுமே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரில் வானப் படம் என்பது பாதி கார்ப்பார்க் மேல்தளத்தில், மீதிப் பாதி மேசையில்.

அப்புறம், ஒளி மாசு ஃபில்டர். பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் ஒளி குறுகிய அலைநீளத்தில் அடங்கியிருந்ததால் அதை மட்டும் வெட்டி எறியும் கண்ணாடி பயன்பட்டது. எல்இடி விளக்கு நிறமாலை முழுக்கப் பரவி ஒளிர்கிறது. அதை வெட்டினால் நட்சத்திரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டியதுதான். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

எந்தத் திசையைப் பார்ப்பது? எந்தப் பக்கமும் தொடுவானம் வெளிச்சம்தான். வடக்கே ஜோகூர் பாருவும் அதில் சேரும். தலைக்கு நேர் மேலேதான் ஓரளவு இருட்டு. நல்லவேளை, நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருப்பதால் பல நல்ல பொருள்கள் நமக்கு உச்சியை ஒட்டியே கடக்கின்றன. நவம்பர் நடுவில் நள்ளிரவுக்குக் கார்த்திகை மீன்கூட்டம் நன்றாக மேலே வந்திருக்கும். திருவாதிரை நட்சத்திரம் கிழக்கே பாதி வானம் ஏறியிருக்கும். பால்வெளியின் மையம் வேண்டுமென்றால் அக்டோபர் தொடக்கத்தில் இரவு 8 மணி வாக்கில் தென்மேற்கே பார்க்கலாம். நவம்பரில் அது முன்னிரவிலேயே தாழ்ந்துவிடும், விட்டுவிடுங்கள்.

நிலா இல்லாத இரவு தேடுபவர்களுக்கு நம் நாள்காட்டியே கைகொடுக்கும். தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருவதால் அந்த வாரம் முன்னிரவில் நிலாத் தொல்லை இருக்காது. இன்னொன்று: பிற்பகல் மழை கொட்டி ஓய்ந்த இரவில் காற்றிலுள்ள தூசு கழுவப்பட்டு வானம் பளிச்சென்று இருக்கும். அதற்காக மழை முழுவதும் நகர்வதற்குள் மேல்தளத்தில் டிரைபாடை விரிக்க வேண்டாம். மின்னல் மிக அதிகம் விழும் ஊர்களில் நம்முடையதும் ஒன்று. வானிலை மையத்தின் ரேடார் படத்தில் மேகம் விலகியதைப் பார்த்துவிட்டுப் போகலாம். இயற்கை வனப்பகுதிகளை இரவு 7 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் புக்கிட் தீமா காட்டில் நின்று நட்சத்திரம் எடுக்கும் திட்டம் வேண்டாம்.

நட்சத்திரம் புள்ளியாக இல்லை

படத்தைப் பெரிதாக்கி, எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று விதம் உண்டு.

எல்லாம் ஒரே திசையில் குட்டிக் கோடாக நீண்டிருந்தால் பூமி சுழன்றதன் அடையாளம். 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் (அதன் மி.மீ. எண்) வகுத்தால் எத்தனை விநாடி திறக்கலாம் என்று தெரியும் என்பது பழைய விதி. 24 மி.மீ. லென்ஸுக்கு அது 20 விநாடி தரும். ஆனால் வானநடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) ஒட்டிய நட்சத்திரங்கள்தான் வேகமாக நகர்பவை. திருவாதிரை இருக்கும் வேட்டைக்காரன் கூட்டம் சரியாக அங்கேதான் இருக்கிறது. 12 விநாடிக்கு மேல் போகாதீர்கள். சென்சார் சிறியதாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

புழு நெளிந்த மாதிரி கோணல்மாணலாக இருந்தால் டிரைபாட் ஆடியிருக்கிறது. கார்ப்பார்க் மேல்தளத்தில் ஒரு கார் கடந்தாலே தளம் அதிரும். டிரைபாடைத் தூண் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், பட்டனை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். லென்ஸின் ஆட்டத்தடுப்பை அணைக்க மறக்க வேண்டாம். டிரைபாடில் நிற்கும்போது அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும்.

வட்டத் தட்டாக ஊதியிருந்தால் ஃபோகஸ் போய்விட்டது. ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் முன்னும் பின்னும் அலையும். மேனுவலுக்கு மாற்றி, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஆகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். சரியான இடம் கிடைத்ததும் வளையத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள்.

படமெங்கும் சிவப்பு, நீலப் பொட்டுகள்

சூடான சென்சாரின் வேலை. வெப்பம் சுமார் 6 டிகிரி கூடினால் வெப்ப இரைச்சல் இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் 5 டிகிரி இரவில் எடுத்தவருக்கு வராத பொட்டு நம் 27 டிகிரி இரவில் வரத்தான் செய்யும். எடுத்து முடித்த கையோடு, லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் இருபது கறுப்புப் படங்கள் எடுங்கள். அடுக்கும்போது மென்பொருள் அவற்றைக் கழித்துவிடும். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், சென்சாரின் சூடு அதற்குள் மாறிவிடும்.

நட்சத்திரத் தடம் வட்டமாக வரவில்லை

வராது. வட்டத்தின் நடுப்புள்ளி துருவ நட்சத்திரத்தை ஒட்டியது, நமக்கோ அது தொடுவானத்துக்கு ஒரு டிகிரி மேலே, ஏதோ ஒரு புளோக்கின் பின்னால் கிடக்கிறது. வடக்கே பார்த்தால் அரைவட்டம் கிடைக்கும். கிழக்கே பார்த்தால் நட்சத்திரங்கள் செங்குத்தாக எழும்பும். அகலக்கோண லென்ஸில் இடப்பக்கத் தடம் ஒரு புறமும் வலப்பக்கத் தடம் எதிர்ப்புறமும் வளையும். நிலநடுக்கோட்டிலிருந்து தூர விலகிய நாடுகளில் இதை எடுக்க முடியாது. வட்டத்துக்காக ஏங்குவதைவிட இதை எடுப்பது மேல் என்பேன்.

தடத்தில் இடைவெளி விழுந்திருந்தால் கேமராவின் ‘நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கி’ அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும். அணைத்துவிட்டு, தொடர் எடுப்பில் வையுங்கள்.

வானத்தைப் பின்தொடரும் டிராக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதே துருவச் சிக்கல்தான். கையேடு துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லும், விட்டுத்தள்ளுங்கள். தலைப்பகுதியின் சாய்வை ஒன்றேகால் டிகிரிக்குக் கொண்டுவந்து, திசைகாட்டியால் வடக்கு நோக்கி வைத்தால், அகலக்கோண லென்ஸில் ஒரு நிமிடம்வரை தாங்கும். சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் கார்ப்பார்க் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் பக்கத்துக் காரும் முள்ளை இழுத்துவிடும். ஆகவே திசைகாட்டியைத் தரையில் வைக்காமல் மார்பளவில் பிடித்து, இரண்டு மூன்று இடங்களில் நின்று ஒத்துப்பாருங்கள். சில டிராக்கர்கள் இவ்வளவு தாழ்வாகச் சாயவே சாயாது. டிரைபாடின் ஒரு காலைக் குட்டையாக்கிச் சமாளிக்க வேண்டும்.

குறுக்கே நேர்க்கோடு, நடுநடுவே புள்ளி

சாங்கியில் இறங்கும் விமானம். எரிகல் அல்ல, எரிகல்லின் கோடு இரு முனையிலும் மெலிந்து நடுவில் தடித்திருக்கும், மினுக்கும் புள்ளிகள் இருக்காது. சிரிலில் சிக்மா முறையில் அடுக்கினால் ஒரே ஒரு படத்தில் மட்டும் இருப்பது தானாக விலகும்.

நிலா வெறும் வெள்ளைப் பொட்டு

நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அதைப் பகல் பொருளாக நினைத்து எடுக்க வேண்டும். முழுநிலாவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 விநாடி என்று தொடங்கி, பிறையானால் நேரத்தைக் கூட்டுங்கள். கைப்பேசியில் என்றால் திரையில் நிலாவைத் தொட்டு, ஒளியைக் கீழே இழுத்துவிடுங்கள்.

பௌர்ணமியில் வரும் சீனர்களின் இலையுதிர் விழாவின் லாந்தர்களையும் நிலாவையும் ஒரே படத்தில் கேட்டால்தான் சிக்கல். லாந்தர் சரியாக வந்தால் நிலா வெளுக்கும், நிலா சரியாக வந்தால் லாந்தர் கறுக்கும். பௌர்ணமிக்கு முந்தைய நாள் போங்கள். அன்று நிலா சுமார் முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்து, அந்தி நீலம் வானில் இருக்கும்போதே கட்டடங்களுக்கு மேல் வந்திருக்கும். சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்தில் வானம், லாந்தர், நிலா மூன்றும் ஓரளவு ஒத்துப்போகும். நம் அந்தி குறுகியது, நின்று யோசிக்க நேரம் கிடையாது.

பிறை படகுபோல் படுத்திருப்பதைப் பார்த்துக் கேமரா சாய்ந்துவிட்டதோ என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. இந்த அகலாங்கில் பிறை அப்படித்தான் கிடக்கும். திருகிச் செங்குத்தாக்கிவிடாதீர்கள்.

தீபாவளி விளக்குப் படத்தில் கறுப்புப் பட்டைகள்

சிராங்கூன் சாலை ஒளியூட்டைப் படம் எடுத்து வந்து பார்த்தால் குறுக்கே வெளிச்சப் பட்டை, இருட்டுப் பட்டை என்று மாறி மாறி இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் அதற்கேற்ப விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/500இல் இருந்தால் படத்தின் ஒரு பகுதி துடிப்பின் உச்சியிலும் இன்னொரு பகுதி பள்ளத்திலும் பதிவாகும். 1/100 அல்லது 1/50க்கு இறக்குங்கள், ஓசையில்லாத மின்னணு ஷட்டரை விட்டு இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். வண்ணம் மாறும் எல்இடி அலங்காரங்கள் சில வேறு வேகத்தில் துடிக்கும். அவற்றுக்கு 1/30 வைத்து, கூட்டத்தில் யார் தோளிலாவது சாய்ந்துகொள்ளுங்கள்!

பறவை கூர்மையாக இல்லை

செப்டம்பரிலிருந்து மார்ச்வரை சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு உப்புக்கொத்தி, பவளக்காலி, பச்சைக்காலி எல்லாம் வடக்கேயிருந்து வந்து சேரும். போனவர்கள் பலரும் திரும்பி வந்து சொல்லும் புகார் ஒன்றுதான்: ஷட்டர் 1/2000, ஃபோகஸ் சரி, டிரைபாடும் உண்டு, ஆனாலும் இறகு தெரியவில்லை. எடுத்த நேரத்தைப் பாருங்கள். 10 மணிக்குமேல் என்றால் குற்றவாளி கானல். வெயிலில் சூடான சேற்றுக்கு மேலே காற்று நெளியும், அதன் வழியே நீண்ட லென்ஸால் பார்த்தால் எதுவும் நெளியும். எத்தனை விலை லென்ஸும் இதைத் தீர்க்காது. கதவு திறக்கும் 7 மணிக்கே போங்கள். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் சூரியன் எழுவதே ஏறக்குறைய அப்போதுதான். முதல் இரண்டு மணி நேர ஒளி முழுவதும் உங்களுக்கே.

தூரத்தைக் குறைப்பதும் அதே அளவு முக்கியம். ஓதம் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். நீர் ஏறி வெளிச்சேறு மூழ்கியதும் பறவைகள் உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும், மறைவிடத்துக்குப் பக்கத்திலேயே. ஓதம் வற்றிய நேரத்தில் போனால் வெறும் புள்ளிகளைத்தான் எடுத்து வருவீர்கள்.

பறவை கறுப்பு நிழலாக வந்தால் வெள்ளை வானம் கேமராவை ஏமாற்றியிருக்கிறது. எக்ஸ்போஷரை ஒன்றரைப் படி கூட்டுங்கள். பாசிர் ரிஸ் பூங்கா ஆந்தைகள்மீது ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தீனி போட்டு அழைப்பது 2020 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கறிவேப்பிலைப் புழுவின் தலை மட்டும் தெளிவு

மேகம் மூடிய வாரங்களுக்குத் தாழ்வாரத் தொட்டியே காடு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சத்தின் நிறத்தில் இருக்கும், வளர்ந்தபின் இலைப் பச்சைக்கு மாறும். இவ்வளவு கிட்டத்தில் எஃப் 2.8இல் எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. எஃப் 11 வையுங்கள், கேமராவைப் புழுவின் உடலுக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் போதாமல் போகும். ஃபிளாஷின் முன்னே ஒரு வெள்ளைத் தாளைக் கட்டி மென்மையாக்கினால் போதும். அதுவே காற்றில் ஆடும் இலையையும் உறைய வைக்கும்.

புழு தலையைத் தூக்கிச் செம்மஞ்சள் நிறத்தில் கவைக்கொம்பு ஒன்றை நீட்டி, ஒரு மாதிரி நாற்றம் அடித்தால், நீங்கள் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். கொஞ்சம் பின்வாங்குங்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

படம் முழுக்க வெளுத்து, தூரமெல்லாம் பழுப்பு

காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். புகைமூட்டம் என்றால் 2013, 2015, 2019இல் போல நாள்கணக்கில் நீடிக்கலாம். மென்பொருளில் மூட்டம் நீக்கும் டீஹேஸ் பட்டையை இழுத்தால் இரைச்சல்தான் கூடும். நுரையீரலையும் நினைத்து வீட்டில் இருங்கள், புழு இருக்கவே இருக்கிறது.

லென்ஸுக்குள் நூல் நூலாய்

டார்ச்சை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து முன்புறம் வழியே பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. மழையில், பனியில் நனைந்த கேமராவைத் துணிப்பையிலேயே மூடி வைத்ததன் பலன் இது. வேலை முடிந்ததும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்த உலர்பெட்டிக்குள் போடுங்கள். உலர்பெட்டி இல்லாவிட்டால் இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். பூஞ்சை தொடங்கிய லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காமல், சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கும்வரை தனியே வையுங்கள். விளிம்பில் மட்டும் லேசாக இருந்தால் படத்தில் தெரியாது, அவசரமில்லை. நடுவுக்கு வந்துவிட்டால் சுத்தம் செய்யும் கூலியைக் கேட்டுவிட்டு, அதே லென்ஸ் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் பார்த்து முடிவெடுங்கள்.